கணினி கேள்வி–பதில்: வானொலி முகவரியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

சென்ற மாதப் பகுதியில், இணைய வானொலி கேட்கப் பிரவுசரைத் திறக்க வேண்டியதில்லை, கணினியில் ஏற்கெனவே இருக்கும் பாட்டு பிளேயரே போதும் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். அதனால் முழுக்க வானொலிக்கே ஒதுக்கிவிட்டேன். எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான விஷயம். தூத்துக்குடியில் வளர்ந்தவள் நான். கடலுக்கு அந்தப் பக்கத்து இலங்கை வானொலி எங்கள் தெருவில் உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கும். இன்று உலகத்தின் எந்த மூலையிலிருக்கும் நிலையத்தையும் அதே தெளிவோடு கேட்க முடிகிறது. அதை நம் ஆட்கள் விளம்பரங்களோடு மல்லுக்கட்டிக் கேட்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கடிதங்களுக்கு வருவோம்.

என் லேப்டாப் பழையது, 2 ஜிபி ராம்தான். எஃப்எம் கேட்க ஏதாவது தளத்தைத் திறந்தால் விளம்பரமாக வந்து கொட்டி, மெஷினே நின்றுவிடுகிறது. வி.எல்.சி-யில் கேட்கலாம் என்கிறான் பேரன். எப்படி என்று கேட்டால் "ஈஸி தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நீங்களாவது சொல்லுங்கள் அம்மா.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பலூர்

பேரன் சொன்னது சரிதான் ஐயா, பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையம் இணையத்தில் ஒலிபரப்புகிறது என்றால், எங்கோ ஒரு சர்வரில் அதற்கு ஒரு முகவரி இருக்கிறது என்று அர்த்தம். அந்த முகவரியைத் தட்டும் எந்த மென்பொருளுக்கும் அது ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். முடிவே இல்லாத ஒரு எம்பி3 கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திறக்கும் தளம், அதில் மினுக்கும் படங்கள், விளம்பரங்கள் எல்லாமே அந்த முகவரியைச் சுற்றிக் கட்டியவை. உங்கள் லேப்டாப்பைத் திணறடிப்பது அவைதான். ஒலிக்கு ஆகும் வேலை ரொம்பக் குறைவு. 2 ஜிபி ராம் தாராளம்.

வி.எல்.சி என்பது பாட்டும் படமும் ஓட்டும் ஒரு பிளேயர். அதைத் திறந்து, கண்ட்ரோல் சாவியை அழுத்திக்கொண்டு 'என்' எழுத்தைத் தட்டுங்கள். மேலே மீடியா மெனுவில் 'ஓபன் நெட்வொர்க் ஸ்ட்ரீம்' என்றும் இதே இருக்கிறது. ஒரு பெட்டி வரும். அதில் நிலையத்தின் முகவரியை ஒட்டி, கீழே 'பிளே' அழுத்துங்கள். இரண்டு விநாடியில் பாட்டு வந்துவிடும். முதல் முறை பழகிப் பார்க்க சோமா எஃப்எம் தளத்துக்குப் போகச் சொல்வேன். சான்பிரான்சிஸ்கோவில் 2000-லிருந்து நடக்கும் நிலையம், விளம்பரமே கிடையாது, நேயர்கள் தரும் நன்கொடையில் ஓடுகிறது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் நேரடி லிங்குகளை அவர்களே ஒளிவுமறைவில்லாமல் போட்டிருக்கிறார்கள். ஒன்றின்மேல் வலது கிளிக் செய்து முகவரியைக் காப்பி எடுத்து வி.எல்.சி-யில் ஒட்டிப் பாருங்கள்.

பாட்டு வந்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கண்ட்ரோல் சாவியோடு 'ஒய்' தட்டினால் பிளேலிஸ்ட்டைக் கோப்பாகச் சேமிக்கலாம். டெஸ்க்டாப்பில் 'வானொலி' என்று பெயர் கொடுத்து வையுங்கள். நாளை முதல் அந்தக் கோப்பை இரட்டை கிளிக் செய்தால் போதும், பேரன் ஊருக்குப் போன பிறகும் வானொலி பாடும்.

ஒரு வானொலித் தளத்தில் 'கேட்க' என்ற பொத்தானை அழுத்தினேன். பாட்டு வராமல் பி.எல்.எஸ் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு டவுன்லோடு ஆனது. அளவு 1 கேபி கூட இல்லை. வைரஸாக இருக்குமோ என்று அழித்துவிட்டேன். சரிதானா?
— வாசகி, தேனி

சந்தேகப்பட்டது நல்ல பழக்கம்தான். ஆனால் இது வைரஸ் இல்லை, வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து பார்த்திருந்தால் நாலைந்து வரிதான் இருந்திருக்கும்: சதுர அடைப்புக்குள் பிளேலிஸ்ட் என்ற சொல், அதன்கீழ் ஃபைல்1 என்று போட்டு ஒரு முகவரி, டைட்டில்1 என்று போட்டு நிலையத்தின் பெயர். அவ்வளவுதான். அந்த ஃபைல்1 வரியில் இருப்பதுதான் மேலே பெரியவருக்குச் சொன்ன முகவரி.

1997-ல் வந்த வின்ஆம்ப் பிளேயரை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனம்தான் ஷவுட்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருளையும் கொண்டுவந்தது. வீட்டுக் கணினியிலிருந்தே ஒருவர் வானொலி நடத்தலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய ஐஸ்காஸ்டும் வந்தது. இந்த பி.எல்.எஸ் கோப்பும், அதேபோல முகவரிப் பட்டியலைத் தாங்கும் எம்3யு கோப்பும் அந்தக் காலத்துச் சொத்து. இவ்வளவு வருடம் கழித்தும் அதே நாலு வரிக் கோப்பு இன்னும் பல பிளேயர்களில் திறக்கிறது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். எத்தனையோ ஆப்கள் வந்து போய்விட்டன, இது போகவில்லை.

நீங்களே இப்படி ஒன்று எழுதிக்கொள்ளலாம். எம்3யு வடிவம் இன்னும் சுலபம். நோட்பேடைத் திறந்து, முதல் வரியில் ஹேஷ் குறி போட்டு, ஒட்டினாற்போல் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இ-எக்ஸ்-டி-எம்-3-யு (#EXTM3U) என்று அடியுங்கள். அடுத்த வரியில் மறுபடி ஹேஷ், இ-எக்ஸ்-டி-ஐ-என்-எஃப், முக்காற்புள்ளி, மைனஸ் 1, காற்புள்ளி (#EXTINF:-1,), பிறகு நிலையத்தின் பெயர். அதற்கும் அடுத்த வரியில் முகவரி. இப்படி ஒரு நிலையத்துக்கு இரண்டு வரி. எத்தனை நிலையம் வேண்டுமானாலும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். அந்த மைனஸ் 1 எதற்கு என்றால், அந்த இடத்தில் பாட்டின் நீளத்தை விநாடியில் எழுத வேண்டும். நேரடி ஒலிபரப்புக்கு நீளம் கிடையாது, அதைத்தான் அப்படிக் குறிக்கிறோம்.

பெயரைத் தமிழில் தாராளமாக எழுதலாம். சேமிக்கும்போது மட்டும் 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் எழுத்து முறை) இருக்கிறதா என்று பார்த்து, கோப்பின் பெயரை எம்3யு8 (.m3u8) என்று முடியுங்கள். அந்த 8 யுடிஎஃப்-8-ஐத்தான் குறிக்கிறது. விண்டோஸ் கடைசியில் டிஎக்ஸ்டி என்று ஒட்டவைக்கப் பார்க்கும். 'சேவ் ஆஸ் டைப்' என்ற இடத்தில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் ஒட்டாது.

அழித்த கோப்பைத் திரும்ப இறக்குங்கள் அம்மா. இந்த முறை நோட்பேடில் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, அப்புறம் வி.எல்.சி-யில் போடுங்கள்.

எனக்குப் பிடித்த நிலையத்தின் தளத்தில் பிளே பொத்தான் மட்டும்தான் இருக்கிறது. முகவரி எங்கேயும் இல்லையே அக்கா?
— கல்லூரி மாணவர், ஈரோடு

இருக்கிறது தம்பி, பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் அந்தத் தளத்தைத் திறந்து எஃப்12 தட்டுங்கள். வரும் பலகையில் 'நெட்வொர்க்' என்ற தாவலுக்குப் போய், வடிகட்டும் வரிசையில் 'மீடியா'வைத் தேர்ந்தெடுங்கள். இப்போது தளத்தில் பிளே அழுத்துங்கள். புதிதாக ஒரு வரி முளைக்கும். அதன்மேல் வலது கிளிக் செய்து முகவரியைக் காப்பி எடுங்கள். மீடியாவில் ஒன்றும் வராவிட்டால் 'ஆல்' என்று மாற்றிவிட்டு, தேடும் பெட்டியில் எம்3யு8 என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள்.

ஏன் எம்3யு8 என்றால், பெரிய நிலையங்கள் பல இப்போது எச்எல்எஸ் என்ற முறைக்கு மாறிவிட்டன. 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்தது. ஒலியை ஒரே ஓட்டமாக அனுப்பாமல், சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டி வைத்து, 'அடுத்து இந்தத் துண்டு, அதற்கடுத்து இது' என்று ஒரு பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பட்டியலும் எம்3யு8 கோப்புதான். வி.எல்.சி அதையும் வாங்கிக்கொள்ளும். பழைய பிளேயர்கள் சில வாங்காது.

சில தளங்களில் நீங்கள் எடுக்கும் முகவரியின் பின்னால் நீளமாக எழுத்தும் எண்ணுமாக ஒரு வால் தொங்கும். அது தற்காலிக அனுமதிச் சீட்டு. அதோடு சேமித்தால் நாளைக்குப் பாடாது. கேள்விக்குறி தொடங்கும் இடத்திலிருந்து வெட்டிவிட்டுப் பாருங்கள், பல நிலையங்கள் அது இல்லாமலே பாடும். அப்போதும் பாடாவிட்டால் அந்த நிலையம் தன் தளத்தில் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறது, விட்டுவிடுங்கள்.

தேடவே பொறுமை இல்லை என்றால் ரேடியோ பிரவுசர் என்ற திறந்த பட்டியல் இருக்கிறது. உலகம் முழுக்க நேயர்களே சேர்த்துச் சேர்த்து வளர்த்தது, பல்லாயிரம் நிலையங்களின் நேரடி முகவரிகள் அதில் உண்டு. மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று வரிசையாக வரும். உங்களுக்குத் தெரிந்த நிலையம் அதில் இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம். தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். நம் சின்ன நிலையங்கள் இப்படிப்பட்ட பட்டியல்களில் இல்லாததால்தான் வெளியூர்த் தமிழர்களுக்கு அவை இருப்பதே தெரியாமல் போகிறது.

இன்னொரு தகவல். பழைய முகவரிகள் பல எச்டிடிபி என்று மட்டும் தொடங்கும், பின்னால் 'எஸ்' இருக்காது. பூட்டுக் குறி உள்ள பாதுகாப்பான பக்கத்துக்குள் அப்படிப்பட்ட ஒலி வந்தால் இப்போதைய பிரவுசர்கள் தடுத்துவிடும். 'நிலையம் செத்துவிட்டது' என்று நினைத்துக்கொள்வோம். பிளேயரில் போட்டால் ஜம்மென்று பாடும்.

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாட்டு நின்று நின்று வருகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில்தான் கேட்கிறேன். டேட்டாவும் எவ்வளவு தின்னும் என்று பயமாக இருக்கிறது.
— தையல் கடை நடத்தும் வாசகி, விருதுநகர்

டேட்டா கணக்கு சுலபம். ஸ்ட்ரீம் என்பது நிலையம் அனுப்பும் ஒலி ஓட்டம், கேபிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை கிலோபிட் வருகிறது என்ற கணக்கு. 128 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் ஒரு மணி நேரத்துக்கு 57.6 எம்பி. 64 என்றால் அதில் பாதி, 320 என்றால் 144 எம்பி. கடையில் எட்டு மணி நேரம் 64-ல் ஓடவிட்டால் சுமார் 230 எம்பி. தினம் 1.5 ஜிபி தரும் பிளானில் இது ஒன்றும் பயப்படுகிற அளவில்லை. எம்பி3-யைவிட இறுக்கமாகச் சுருக்கும் ஏஏசி பிளஸ் வகை ஸ்ட்ரீம் கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் 64 கேபிபிஎஸ்ஸே கடையில் கேட்கத் தாராளம், எம்பி3-யில் 64 கொஞ்சம் தகர டப்பா சத்தமாக இருக்கும்.

நிற்பதற்குக் காரணம், வி.எல்.சி வழக்கமாக ஒரே ஒரு விநாடி ஒலியைத்தான் முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்கிறது. சிக்னல் ஒன்றரை விநாடி தடுமாறினால் பாட்டு நின்றுவிடும். முகவரி ஒட்டும் அதே பெட்டியின் கீழே 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கிறது. அதை டிக் செய்தால் 'கேச்சிங்' என்ற இடத்தில் 1000 என்று காட்டும். அது மில்லி விநாடிக் கணக்கு. 5000 ஆக்குங்கள், ரொம்ப மோசமான சிக்னல் என்றால் 10000. பாட்டு தொடங்கச் சற்றுத் தாமதமாகும், தொடங்கிய பின் நிற்காது. இணைப்பே அறுந்துபோய் நின்றுவிடுகிறது என்றால் கீழே உள்ள 'லூப்' பொத்தானை அழுத்தி வையுங்கள். ஸ்ட்ரீம் முடிந்ததாக நினைத்து வி.எல்.சி மறுபடி முதலிலிருந்து இணைத்துக்கொள்ளும்.

நண்பர்கள் சேர்ந்து வீட்டிலிருந்தே ஒரு இணைய வானொலி நடத்துகிறோம். பாட்டின் பெயரைத் தமிழில் அனுப்புகிறோம். கேட்பவர்களின் பிளேயரில் ஏதேதோ விசித்திர எழுத்து வருகிறதாம். வெறுத்துப்போய் தங்கிலீஷுக்கு மாறிவிடலாமா என்று பார்க்கிறோம்.
— வாசகர், மட்டக்களப்பு

மாறாதீர்கள்! இதைச் சரிசெய்ய முடியும், அதைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தை எடுத்துவைத்தேன்.

பாட்டின் பெயர் எப்படிப் போகிறது தெரியுமா? ஒலியின் நடுவிலேயே செருகி அனுப்புகிறார்கள். கேட்பவரின் பிளேயர் இணையும்போது 'எனக்குப் பெயரும் வேண்டும்' என்று ஒரு வரி சொல்லும். சர்வர் உடனே 'இத்தனை பைட்டுக்கு ஒரு முறை பெயர் வரும்' என்று ஓர் எண்ணைச் சொல்லும். பல நிலையங்களில் அது 16000. 128 கேபிபிஎஸ்ஸில் 16000 பைட் என்பது சரியாக ஒரு விநாடி. அதாவது ஒவ்வொரு விநாடியும் ஒலியை நிறுத்தி, 'பெயர் மாறியதா' என்று பார்க்க ஓர் இடம் விடுகிறார்கள். மாறவில்லை என்றால் அங்கே ஒரு பூஜ்யம். மாறியிருந்தால் புதிய பெயர். பிளேயர் அதைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்ச ஒலியைப் பாடும். எளிமையான யோசனை, ரொம்ப அழகாக வேலை செய்கிறது.

இதை உருவாக்கியபோது அந்தப் பெயர் எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று சொல்ல இடமே விடவில்லை. அமெரிக்காவில் உட்கார்ந்து ஆங்கிலப் பாட்டுக்காகச் செய்தவர்களுக்கு அது தோன்றவில்லை. அதனால் பல பிளேயர்கள் ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வொரு ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொள்கின்றன. யுடிஎஃப்-8-ல் நம் தமிழின் ஒவ்வொரு எழுத்தும், அதோடு ஒட்டும் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றேதான். உங்கள் நேயர்கள் பார்க்கும் விசித்திரத்தைக் கவனியுங்கள்: தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறி, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடி அதே 'ஏ', அதே 'ஆர்'. அப்படி வந்தால் உங்கள் தமிழ் பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது, படிக்கிற பக்கம் தப்பாகப் படிக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அனுப்புகிற பக்கத்திலேயே எழுத்து தொலைந்துவிட்டது.

ஐஸ்காஸ்ட் வைத்திருந்தால், எம்பி3 அலைவரிசைக்கு அது தானாக எடுத்துக்கொள்வது அந்தப் பழைய ஐரோப்பிய எழுத்து முறையை. அமைப்புக் கோப்பில் உங்கள் அலைவரிசைக்கான 'மவுன்ட்' பகுதிக்குள் 'சார்செட்' (charset) என்று ஓர் உறுப்பு சேர்த்து யுடிஎஃப்-8 என்று எழுதி, ஐஸ்காஸ்டை மறுபடி தொடங்குங்கள். ஒலி அனுப்பும் மென்பொருளிலும் எழுத்து முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் யுடிஎஃப்-8 வையுங்கள். இதைச் செய்த பிறகு வி.எல்.சி-யில் திறந்து, கண்ட்ரோல் சாவியோடு 'ஐ' தட்டிப் பாருங்கள். 'நவ் பிளேயிங்' என்ற இடத்தில் தமிழ் வர வேண்டும். ஆக் (Ogg) என்ற ஒலி வடிவில் அனுப்பும் நிலையங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதில் பெயர்கள் யுடிஎஃப்-8-ல்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

மிகப் பழைய பிளேயர் வைத்திருக்கும் ஓரிருவருக்கு அப்போதும் சரியாகத் தெரியாது. அவர்களுக்காக மற்ற எல்லோரும் தங்கிலீஷில் படிக்க வேண்டியதில்லை.

காலைச் செய்திக்கு முன் ஆகாசவாணியில் வரும் நேர ஒலியை வைத்துக் கடிகாரம் திருத்துவது என் பல வருடப் பழக்கம். இப்போது கம்ப்யூட்டரில் கேட்கிறேன். கடிகாரம் அரை நிமிடம் பின்னால் போகிறது. கம்ப்யூட்டர் கோளாறா?
— வாசகர், திருச்சி

கோளாறு இல்லை ஐயா. 1939-ல் தொடங்கிய நிலையம் இருக்கிற ஊர்க்காரர் நீங்கள், ரேடியோப் பெட்டியில் கேட்டே பழகியவர். ரேடியோ அலையில் ஒலி கிட்டத்தட்ட அந்தக் கணத்திலேயே வந்துவிடும். இணையத்தில் அது பல இடங்களில் வரிசையில் நிற்கிறது. ஒலியைச் சுருக்கக் கொஞ்ச நேரம். அப்புறம் சர்வர். ஐஸ்காஸ்ட் போன்றவை நீங்கள் இணைந்தவுடன் பாட்டு சட்டென்று தொடங்க வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே ஒலிபரப்பான 64 கேபி ஒலியை மொத்தமாக முதலில் தள்ளிவிடும். 128 கேபிபிஎஸ்ஸில் அது 4 விநாடிப் பழைய ஒலி. 32 கேபிபிஎஸ் என்றால் 16 விநாடி. எச்எல்எஸ் முறையில் துண்டு ஒவ்வொன்றும் 6 முதல் 10 விநாடி, பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்னாலிருந்து தொடங்கும். அங்கேயே அரை நிமிடம் வந்துவிட்டதல்லவா.

நடுவில் 'பாஸ்' அழுத்திவிட்டுத் திரும்ப வந்தால் அந்த நேரமும் இதோடு சேர்ந்துகொள்ளும். போன் பேசி முடித்துவிட்டு வந்து நேரடியாகக் கேட்க வேண்டும் என்றால் 'ஸ்டாப்' அழுத்தி மறுபடி 'பிளே' அழுத்துங்கள். கடிகாரத்துக்கு, கணினியின் மூலையில் தெரியும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இணையத்தில் தானாகச் சரிபார்த்துக்கொள்கிறது.

பிபிசி உலக சேவையின் முகவரியைப் பல வருடமாக வின்ஆம்பில் வைத்திருந்தேன். திடீரென்று பாடவில்லை. என் பட்டியலில் பாதி இப்படித்தான் கிடக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பிபிசி தன் பழைய ஷவுட்காஸ்ட் வகை எம்பி3 ஸ்ட்ரீம்கள் பலவற்றை 2023-ல் நிறுத்திவிட்டது. எச்எல்எஸ், டாஷ் என்ற துண்டு முறைகளில்தான் இப்போது பெரும்பாலும் தருகிறது. அதனால் பழைய இணைய வானொலிப் பெட்டிகள் சிலவும் பிபிசியை இழந்தன. புதிய எம்3யு8 முகவரியை ரேடியோ பிரவுசரில் எடுத்து வி.எல்.சி-யில் போடுங்கள். இதே கடிதத்தில் தமிழோசையையும் கேட்டிருந்தீர்கள். அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ம் தேதியோடு நின்றுவிட்டது, முகவரி தேடிப் பயனில்லை.

மற்ற பாதிக்குக் காரணம் பல. அமெரிக்காவில் சின்ன நிலையங்களுக்கு இருந்த சலுகையான பாடல் உரிமைக் கட்டணம் 2015 கடைசியோடு முடிந்தது. லைவ்365 என்ற பெரிய மேடை 2016 ஜனவரியில் மூடப்பட்டு, அதில் இருந்த நிலையங்களெல்லாம் ஒரே நாளில் காணாமல் போயின. 2017-ல் அது திரும்பி வந்தாலும் பழைய முகவரிகள் வரவில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒரு தடவையாவது பட்டியலைத் திறந்து, பாடாதவற்றுக்குப் புது முகவரி தேடிப் போடுங்கள். எழுத்துக் கோப்புதானே, ஒரு வரி மாற்றினால் போதும்.

நான் லினக்ஸ் பயன்படுத்துகிறேன். வி.எல்.சி தவிர வேறு?
— வாசகர், புதுச்சேரி

பல லினக்ஸ் வகைகளில் ரிதம்பாக்ஸ் என்ற பிளேயர் ஏற்கெனவே இருக்கும். இடது பக்கம் 'ரேடியோ'வைத் தொட்டு, சேர்க்கும் பொத்தானில் முகவரியை ஒட்டுங்கள். பாட்டுச் சேகரிப்பு பெரிதாக வைத்திருப்பவர் என்றால் ஸ்ட்ராபெரி என்ற பிளேயரைப் போட்டுப் பாருங்கள். சோமா எஃப்எம், ரேடியோ பாரடைஸ் என்ற இரண்டு நிலையங்களும் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸில் இருக்கும் நண்பருக்கு ஃபூபார்2000-ஐச் சொல்லலாம், வி.எல்.சி-யைவிட இலேசானது, ஒலிக்கென்றே செய்தது. மேக் வைத்திருப்பவர்கள் மியூசிக் ஆப்பின் ஃபைல் மெனுவில் 'ஓபன் ஸ்ட்ரீம் யூஆர்எல்' என்று பார்க்கலாம்.

வானொலி நாடகம் ஒன்றைப் பதிவுசெய்து பிறகு கேட்க முடியுமா? நீங்கள் என்ன கேட்பீர்கள் என்றும் சொல்லுங்களேன்.
— வாசகி, நாகப்பட்டினம்

முடியும். வி.எல்.சி-யில் 'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்ட் கண்ட்ரோல்ஸ்' டிக் செய்தால் சிவப்புப் புள்ளி போட்ட பொத்தான் வரும். அழுத்தினால் பதிவு, மறுபடி அழுத்தினால் நிறுத்தம். எங்கே சேமிக்க வேண்டும் என்பதை 'பிரிஃபரன்சஸ்' உள்ளே 'இன்புட்/கோடெக்ஸ்' பகுதியில் 'ரெக்கார்ட் டைரக்டரி' என்ற இடத்தில் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு தேட வேண்டாம். வருகிற ஸ்ட்ரீமை அப்படியே எழுதுவதால் தரம் குறையாது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான இடம் தருகிறது. அதை எடுத்து யூடியூபில் ஏற்றுவதற்கும் குழுக்களில் அனுப்புவதற்கும் இடமில்லை. நாடகம் போட்டவர்களின் உழைப்பு அது.

என் பட்டியலில் முதல் வரி ஆகாசவாணியின் ராகம். 2016 ஜனவரி 26-ல் தொடங்கிய சாஸ்திரிய இசை அலைவரிசை. கர்நாடக சங்கீதமும் இந்துஸ்தானியும் நாள் முழுக்க. எழுதும்போது ரேடியோ சுவிஸ் கிளாசிக், பேச்சு மிகக் குறைவு. ராத்திரி ரேடியோ பாரடைஸ். அது தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்திலும் தருகிறது. வீட்டு வைஃபையில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். மொபைல் டேட்டாவில் வேண்டாம். அப்புறம் இலங்கை வானொலியின் தென்றல், சிங்கப்பூரின் ஒலி 96.8.

காலை ஐந்தரைக்கு ரேடியோ தானாகப் பாடி எழுப்ப வேண்டும். இரவில் லேப்டாப்பை ஆன் செய்தே வைக்க வேண்டுமா?
— வாசகர், கும்பகோணம்

வேண்டாம், 'ஸ்லீப்'பில் போட்டால் போதும். ஷட் டவுன் செய்துவிட்டால் மட்டும் எழாது. விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'டிரிக்கர்ஸ்' தாவலில் தினமும் 5.30. 'ஆக்‌ஷன்ஸ்' தாவலில் புரோகிராமாக வி.எல்.சி-யையும், அதன்கீழ் 'ஆர்க்யுமென்ட்ஸ்' இடத்தில் இரட்டை மேற்கோள் குறிக்குள் உங்கள் எம்3யு8 கோப்பு இருக்கும் இடத்தையும் எழுதுங்கள். அந்தக் கோப்பில் காலைக்கென்று ஒரே ஒரு நிலையம் மட்டும் இருக்கட்டும். 'கண்டிஷன்ஸ்' தாவலில் இரண்டு விஷயம்: 'வேக் த கம்ப்யூட்டர்' என்று தொடங்கும் வரியை டிக் செய்யுங்கள், 'ஏசி பவரில் இருந்தால் மட்டும்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சார்ஜர் செருகாத நாளில் பாடாது.

கடைசியாக 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஸ்லீப்' பகுதியில் 'அலவ் வேக் டைமர்ஸ்' இயங்கும்படி வையுங்கள். வைஃபை பிடிக்கச் சில விநாடி ஆகலாம். ஸ்பீக்கர் சத்தத்தை முந்தின இரவே பார்த்து வையுங்கள். புளூடூத் ஸ்பீக்கர் என்றால் அது தானாகத் தூங்கிவிடும் வகையா என்றும் பாருங்கள். தூங்கும் என்றால் காலைக்கு வயர் போட்ட ஸ்பீக்கரே நல்லது.